குச்சி மெஷினை நாங்கள் தோற்கடித்த மூன்று நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, தேயிலை அரைத்துத் தூளாக்குகிற ஸ்டோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். தேத்தண்ணி குடித்தீர்கள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தங்கச்சி கேட்டது: "மாமா, புது மெஷினெல்லாம் வரப்போகுதாம். எங்க வேலை நிக்குமா, போகுமா?"

எதையும் நாலு தரம் யோசிக்காமல் என் வாய் திறக்காது. தபால் பெட்டியில் கடிதம் போட்டாலும், விழுந்ததா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தங்கச்சி கேட்ட அதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் ஒரு காரியமும் செய்தேன். என் முப்பத்துச் சொச்சம் வருட வேலையில் அதைவிடப் பெரிய பிழை நான் செய்ததில்லை. அதை இப்போது நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம்தான் பயம் வருகிறது. அப்போது முதலில் பயம்தான் வந்தது, அப்புறமும் பயம்தான்.

அறுபதுகள் முடிகிற சமயம். ரத்தோட்டைக்கு மேலே, விடிந்து வெகுநேரம் வரைக்கும் பனிமூட்டம் விலகாத ஒரு தோட்டம். அங்கே ஸ்டோரில் நான் சல்லடை அறைக்குக் கங்காணி. என் பொறுப்பில் ஒன்பது பெண்கள். அரைத்து, காய்ந்து, சலித்து வருகிற தூளில் சிவப்புச் சிவப்பாகக் குச்சி கிடக்கும். குச்சியோடு போனால் கொழும்பில் நம் தேயிலைக்கு விலை இறங்கிவிடும். அதனால் ஒன்பது பேரும் நீள மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து குச்சியை விரலால் பொறுக்கி எடுப்பார்கள். விரல் ஒரு பக்கம் ஓடும், வாய் இன்னொரு பக்கம் ஓடும். யார் வீட்டுக் கோழி எங்கே முட்டை இட்டது என்பது வரை எனக்கு அந்த மேசையில்தான் தெரியவரும்.

அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மலையேற முடியாதவர்கள். கொழுந்து பறித்துப் பறித்து இடுப்பு போனவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் வீராயி அக்கா. மழையில் சரிவில் விழுந்ததிலிருந்து அவருக்கு இடது முழங்கால் மடங்காது. ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை இருந்ததால்தான் செக்ரோலில், அந்தச் சம்பளப் புத்தகத்தில், அவர் பேர் இருந்தது. பேர் இருந்தால்தான் சம்பளம், அரிசி, லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா எல்லாம்.

ஒருநாள் தோட்டத்தை நடத்துகிற துரை என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

"கங்காணி, குச்சி பொறுக்க மெஷின் வருது. மூணு நாள் ஓட்டிப் பாப்பம். சரிவந்தா ரெண்டு பேர் போதும். மத்த ஆளுங்கள மலைக்குப் போட்டுருவம்."

"மலை ஏற ஏலாதவங்க இருக்காங்களே தொர."

"ஏலாதவங்க பேர நிப்பாட்டத்தான் வேணும். வேற என்ன செய்ய?"

பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நாலாவது விதமாக உளறினேன். வீராயி அக்காதான் முதலில் பேசினார்.

"குச்சியப் பாக்குறதுக்கு அதுக்குக் கண்ணு இருக்கா கங்காணி?"

"கண்ணு இல்ல அக்கா. பிளாஸ்டிக் உருளையாம். கம்பளியில உரசி உரசிச் சுத்துமாம். தலை வாரின சீப்பு கடுதாசித் துண்டத் தூக்குமே, அந்த மாதிரிக் குச்சியத் தூக்கிருமாம்."

"அப்ப சீப்புன்னு சொல்லுங்க. ஒரு சீப்புக்கா எங்க பேர வெட்டப் போறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மாத்தளை ஸ்டேஷனிலிருந்து லொறியில் மெஷின் வந்தது. அதைப் பூட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸ் வந்தார். அதிகம் பேசாத மனுஷன். நம் ஸ்டோரில் எந்த மெஷினும் பூசை இல்லாமல் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். சந்தனம், குங்குமம், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. துரையே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். சந்தனம் பூசுகிற வேலையை வீராயி அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு பக்தியை அவரிடம் நான் அதுவரை கண்டதில்லை. பொட்டு வைப்பது எங்கே, இவர் அள்ளி அள்ளிப் பூசினார். உருளைக்கு மேலே, கீழே, கம்பளி உரசுகிற இடுக்கிலே. பாஸ் துணியை எடுத்துத் துடைக்கப் போனார். "சாமி குத்தமாயிரும் பாஸ்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் காலையில் ஒரு சின்னப் பூசை நடந்தது, புதுச் சந்தனத்தோடு.

நான் இதைப் பக்தி என்றே நினைத்தேன். ஏனென்றால் நான் என் திருட்டுத்தனத்தில் மும்முரமாக இருந்தேன்.

பாஸ் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். இந்த மெஷினுக்கு ஈரம் ஆகாது, ஜன்னல்களைச் சாத்தி வை என்றார். நான் தலையாட்டினேன். மூன்று நாளும் விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பள்ளத்துப் பக்கத்து ஜன்னல்கள் நாலையும் அகலத் திறந்து வைத்தேன். பனிமூட்டம் புகை மாதிரி உள்ளே வந்தது. பாஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். நான் அதுவரை ஒரு பென்சில்கூடத் திருடினவனில்லை.

மெஷின் ஓடியது. உருளை சுற்றியது. தூள் அதன் அடியில் ஊர்வலம் போவது போல அழகாகப் போனது. குச்சியும் அதோடு சேர்ந்து அழகாகப் போனது. ஏதோ போனால் போகிறதென்று நாலு குச்சி மேலே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். பாஸ் கழற்றினார், பூட்டினார், தலையைச் சொறிந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேசையில் ஒரே பாட்டும் கும்மாளமும். ஒருத்தி மெஷினுக்கு நேரே கையை நீட்டி, "பாவம், அதுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ குடுங்கடி, களைச்சுப் போச்சு" என்றாள். நானும் சிரித்தேன். ஒன்பது பேரின் சோற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

அன்று மத்தியானம் துரை வந்தார். மெஷினை அவர் பார்க்கவே இல்லை. நேரே தூளில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். விரலால் நெரித்துப் பார்த்தார். பிறகு, தூள் போடுகிற வேலைக்கெல்லாம் பொறுப்பான டீமேக்கர் ஐயாவையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்ல இதே மெஷின் ஆறு மாசமா ஓடுது. நானே போய்ப் பாத்தேன். ஒரு குச்சி விடுறதில்ல. அங்க ஓடுற மெஷின் இங்க ஓடலன்னா பிழை மெஷின்லயா? நம்ம தூள்ல."

கையில் இருந்த தூளைத் திரும்பக் கொட்டினார்.

"ரெண்டு ஸ்டோர் எதுக்குன்னு கம்பனி ரெண்டு வருஷமாக் கேக்குது. நான்தான் நம்ம தேயிலை நல்ல தேயிலைன்னு சொல்லிச் சொல்லி இத நிப்பாட்டி வச்சிருந்தேன். இனி என்னத்தச் சொல்ல? கொழுந்த லொறியில ஏத்தி அங்க அனுப்பச் சொல்லி இன்னைக்குத் தபால்ல எழுதுறேன். இந்த ஸ்டோர மூடிருவம்."

அவர் போய்விட்டார். அந்த ஸ்டோரில் எண்பது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒன்பது பேர் சோற்றைக் காப்பாற்றுகிறேன் என்று எண்பது பேர் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன்.

தபால் பை நாலு மணிக்கு ஒப்பீசை விட்டு இறங்கும். அப்போது மணி இரண்டே முக்கால். நான் டீமேக்கர் ஐயாவின் அறைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் துரையே அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டார். ஐயா கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"என்ன காணும், ஏன் இப்பிடி ஓடி வாறீர்?"

"ஐயா, நான் ஒரு பெரிய பிழை செஞ்சுட்டேங்க. காலையில ஜன்னலத் தெறந்து பனிய உள்ள விட்டது நாந்தான்."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஜன்னலை நீரே திறந்தனீர்? நானும் மூண்டு நாளா டிரையரிலை சூட்டைக் குறைச்செல்லோ விட்டனான். தூள் வடிவாக் காயேல்லை. அந்தப் பெண்டுகளைப் பாக்கப் பாவமாக் கிடந்தது."

நான் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் நல்ல தூள் போட்டு மாத்தளைப் பக்கமெல்லாம் பேர் வாங்கிய மனுஷன், தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஸ்டோருக்குள் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் யாராவது ஒருவருக்காவது புத்தி வந்திருக்கும். இதை நீங்கள் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வந்த பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு காரியம் செய்யப் போனால் இப்படித்தான் ஆகும்.

"ஐயா பேர நான் சொல்லமாட்டேன்" என்றேன். "எனக்குப் போனா கங்காணி வேலைதான். ஐயாவுக்கு அப்படியா?"

நான் ஒப்பீசுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதிவிட்டேன், உண்மையில் பத்தடி ஓடினேன், ஐந்தடி நின்றேன். நிற்கும்போதெல்லாம் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கடிதம் எழுதியாயிற்று. துரை அதை மடித்துக்கொண்டிருந்தார்.

"தொர, தூள்ல பிழை இல்லீங்க. ஈரத்துல பிழை. ஜன்னலத் தெறந்து பனிய விட்டது நாந்தானுங்க."

துரை கையை நிறுத்தினார். "ஏன்?"

"அந்த அஞ்சு பேரும் மலை ஏற ஏலாதுங்க."

அவர் நம்பாமல் தலையை ஆட்டினார். "நாலு ஜன்னல் தெறந்ததுக்கு மெஷின் இப்பிடிப் படுத்துருமா? நீ யாரையோ காப்பாத்தப் பொய் சொல்ற."

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "அவரு பொய் சொல்லல தொர. மிச்சத்த நான் செஞ்சேன்."

வீராயி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோரிலிருந்து ஒப்பீசுக்கு நாற்பது படி. மடங்காத முழங்காலோடு அத்தனையும் ஏறி வந்திருக்கிறார். ஸ்டோரை மூடப்போகிற செய்தி மேசைக்கு அதற்குள் போய்விட்டது.

"நீ என்ன செஞ்ச?"

"சந்தனம் பூசுனேன்."

"சந்தனமா?"

"சீப்புல எண்ணெய் இருந்தா கடுதாசி ஒட்டுமா தொர? ஒட்டாது. அதான் கம்பளி ஒரசுற எடமாப் பாத்துப் பூசுனேன். பச்சச் சந்தனம், கொஞ்சம் நல்லெண்ணெயும் கொழச்சு."

"கொழும்புல இருந்து வந்த பாஸ் மூணு நாளாக் கழட்டிக் கழட்டிப் பாத்தானே!"

"அவரு மெஷினத்தான் பாத்தாரு. சந்தனத்தப் பாக்கல."

துரையின் முகம் சிவந்தது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டீமேக்கர் ஐயா உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இன்னும் யாரு இருக்கீங்க?" என்று துரை கத்தினார். "நாய் பூனை ஏதாவது வெளிய நிக்குதா? அதையும் உள்ள வரச் சொல்லு!"

ஐயா தன் பங்கைச் சொன்னார். துரை கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தார்தான், ஆனால் கண்ணைத் திறந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. மணியைப் பார்த்தார்.

"மூணே கால். நாலு மணி வரைக்கும் இந்தக் கடுதாசி இங்க இருக்கும். அதுக்குள்ள எனக்கு அந்த மெஷின் ஓடணும்."

நாங்கள் இறங்கினோம். ஐயா டிரையரைப் பார்க்க ஓடினார். ஒரு பெட்டித் தூளை மறுபடி போட்டுச் சரியான சூட்டில் காயவைத்தார். நான் ஜன்னல்களைச் சாத்திப் பழந்துணியை இடுக்குகளில் அடைத்தேன். வீராயி அக்கா ஒரு துணியும் சுடுதண்ணியுமாக மெஷினுக்குள்ளே தலையை விட்டார். எங்கெங்கே பூசினாரோ அங்கெல்லாம் கை தானாகப் போனது. பாஸ் பக்கத்தில் நின்று, அவர் காட்டுகிற இடத்தையெல்லாம் கழற்றிக் கொடுத்தார். எங்களில் ஒருவருக்கும் அந்த மனுஷன் மேல் கோபமில்லை. அவருக்குத்தான் எங்கள் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அக்காவின் கையையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் துரை வந்து நின்றார். ஐயா சுடச்சுடத் தூளைக் கொண்டுவந்து கொட்டினார். பாஸ் விசையைப் போட்டார்.

தங்கச்சி, குச்சிகள் துள்ளின. நெல்லைப் போட்டால் கோழி பாயுமே, அப்படி ஒவ்வொரு குச்சியும் உருளையை நோக்கிப் பாய்ந்தது. மறுபக்கம் விழுந்த தூள் கறுகறுவென்று சுத்தமாக இருந்தது. துரை கடிதத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. ஸ்டோர் தப்பிவிட்டது. ஆனால் மேசையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எண்பது பேருக்காக அந்த ஒன்பது பேரும் தங்கள் வேலையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை.

துரை சொன்னார்: "ஹரி, சரி. ரோலர் அறையில இருந்து ரெண்டு ஆம்பளைங்களப் போடுறேன், இத ஓட்ட."

அந்தக் காலத்தில் ஸ்டோரில் மெஷின் என்றால் ஆண்கள்தான். பெண்கள் கையால் செய்கிற வேலைதான் செய்வார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் என்று நான் கண்டதில்லை. ஆனால் யாரும் அதைக் கேட்டதும் கிடையாது. வீராயி அக்கா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஆம்பளைங்க எதுக்கு தொர? இது எதுக்கு நிக்கும், எதுக்கு ஓடும்னு இந்த ஸ்டோர்ல என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"சேலை சிக்கிப்புடும்."

"கொழுந்துக்குப் போறப்ப இடுப்புல சேலைக்கு மேல படங்குச் சாக்கு கட்டுறோமே, அந்த மாதிரி இறுக்கிக் கட்டிக்கிறேன். அப்புறம் இங்க பாருங்க." கழிவில் விழுந்த குச்சிக் குவியலில் ஒரு பிடி அள்ளி விரித்தார். "குச்சியோட சேத்து நல்ல தூளையும் இல்ல தூக்கி வீசுது இந்தச் சீப்பு? கால்வாசி நல்ல தூளு. இத யாரு பொறுக்குறது? ரோலர் அறை ஆம்பளைங்களா?"

துரை பாஸைப் பார்த்தார். பாஸ் சிங்களத்தில் ஒன்றே ஒன்று சொன்னார்: இந்த அம்மாவையே போடுங்கள், மூன்று நாள் என்னை ஏமாற்றிய ஆள், இவரை இந்த மெஷின் ஏமாற்றாது.

அப்படித்தான் முடிந்தது. வீராயி அக்காவும் இன்னொருவரும் மெஷினுக்கு. கழிவிலிருந்து நல்ல தூளை எடுக்க மூன்று பேர். மலையேற முடியாத ஐந்து பேரும் அதில் அடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் மாடியில் கொழுந்து பரப்பப் போனார்கள். இளம் பிள்ளைகள் இரண்டு பேர் மலைக்குப் போனார்கள். அதில் ஒருத்திக்குக் கை வேகம், கூடுதல் கொழுந்து எடுத்துக் கூடுதல் சம்பளம் வாங்கினாள். மற்றவள் மழையையும் அட்டைக்கடியையும் சொல்லி என்னை வருடக்கணக்காகத் திட்டினாள். அவள் திட்டியதில் நியாயம் உண்டு. ஒருவருக்கும் நஷ்டமில்லாமல் எல்லாம் நடந்தது என்று நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆகவே, தங்கச்சி, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். மெஷின் வரும். வந்தால் அதன் பக்கத்தில் போய் நில். எதற்கு நிற்கிறது, எதை விடுகிறது, எதை வீணாக்குகிறது என்று உன் கண்ணால் பார். பார்த்ததை வாய்விட்டுச் சொல். ஒளித்துவைத்து ஜன்னலைத் திறக்காதே.

ஒரு விஷயம் பாக்கி. எல்லாம் தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டபோது துரை என் பக்கம் திரும்பினார்.

"கங்காணி, ஒன்பது பேர மேய்க்க ஒரு கங்காணி வச்சிருந்தோம். இப்ப அந்த மெஷினுக்கு வீராயி பொறுப்பு. நீ என்னத்த மேய்க்கப் போற?"

நெருப்பு, வெள்ளம், மண்சரிவு, பெல்ட் அறுந்து விழுவது, ஒன்பது பேர் சோறு, எண்பது பேர் சோறு, எல்லாவற்றுக்கும் பயந்திருந்தேன். அந்த மெஷின் வந்தால் என் கங்காணி வேலையும் போகும் என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவே இல்லை.

"மெஷினுக்குத் தூள் அள்ளிப் போட ஒரு ஆள் வேணும்" என்றார் துரை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். வீராயி அக்கா படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"இனி உங்கள எப்புடிக் கூப்புடுறது? கங்காணின்னா, தம்பின்னா?"

"தம்பின்னே கூப்புடுங்க அக்கா."

"அப்ப தம்பி," என்று அவர் விசையில் கையை வைத்தார், "அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வாங்க. நேரமாச்சு."